செத்தவன் கண்ணைத் திறக்கக் கூடாது

ஜனவரி 9

காலையில் ஒரு பையன் போன் செய்தான். தான் இயக்குநர் என்றான். இப்போதெல்லாம் எனக்குப் போன் செய்கிறவர்களில் கடன் அட்டை விற்பவர்களைத் தவிர எல்லோரும் இயக்குநர்கள்தான். பெயர் கிருபாகர். என்னை வைத்து ஒரு கௌபாய் படம் எடுக்கப் போகிறானாம்.

"வயசான ரெண்டு துப்பாக்கிக்காரங்களோட கதை சார்" என்றான்.

"அப்படியா, அந்த வயசானவங்க யாரு?" என்று கேட்டேன். "நேர்ல வந்து சொல்றேன் சார்" என்றான்.

கடைசியாக நான் கேமரா முன் நின்றது ஒரு டிவி சீரியலில். நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவரில் மாட்டியிருந்தார்கள். கதாநாயகியின் மறைந்த மாமனார் நான். சந்தன மாலையும் சீரியல் பல்புமாக முந்நூறு எபிசோடு. வசனம் இல்லை என்ற ஒரு குறையைத் தவிர நல்ல பாத்திரம். பிறகு கதைப்படி மருமகள் வீடு மாறினாள். என்னைக் கழற்றி எடுத்துப்போக மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பையனை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தலைக்குச் சாயம் அடிக்க வேண்டும்.

ஜனவரி 12

வந்தான். அடித்த சாயத்தைப் பார்த்து, "இது வேணாம் சார், நரையோட இருங்க" என்றான். போச்சு, ஒரு பாக்கெட் வீண்.

என் படங்களையெல்லாம் பார்த்திருக்கிறான். நான் கறுப்புத் தொப்பியோடு ஓட்டிய குதிரைகள், பிடித்த சுருட்டு, சுட்ட ஆட்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். கதையும் மோசமில்லை. துப்பாக்கி பிடித்தே காலம் கழித்த இரண்டு கிழவர்கள். ஒருவன் கொள்ளைக்காரன், ஒருவன் அவனைத் துரத்தியவன். கடைசியாக ஒரு முறை தெருவில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

"இன்னொருத்தர் யார்?"

"தைரியநாதன் சார்."

டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தக் காலத்தில் என் படம் என்றால் அவன்தான் வில்லன். படம் முழுக்க என்னை உதைப்பான், கடைசி ரீலில் நான் சுடுவேன், கூரையிலிருந்தோ குதிரையிலிருந்தோ விழுவான். விழுவதில் அவனைப் போல் ஒருவன் பிறக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஒரு பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்து, "நம்ம மகுடபதிக்குக் குதிரைன்னாலே வயித்தைக் கலக்கும். முதுகு தெரியுத குதிரை ஷாட்டு பூரா நான்தான், அவரு தொப்பியப் போட்டுக்கிட்டு" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவன் சொன்னது அப்பட்டமான பொய். பூரா ஷாட்டும் இல்லை.

இதில் உச்சம் என்னவென்றால், கிளைமாக்ஸில் அவன் என்னைச் சுடுகிறானாம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். பையன் கேட்டைத் தாண்டுவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். போவோம். போய்க் கிளைமாக்ஸை மாற்றிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 17

திருச்செந்தூர். லாட்ஜ் வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மனம் குளிர்ந்தது. "நீங்க அந்த போட்டோ தாத்தாதான?" என்றாள்.

படப்பிடிப்பு பக்கத்திலிருக்கும் தேரிக்காட்டில். கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு மணல், நடுநடுவே பனை. இடத்தின் பெயர் குதிரைமொழி. அங்கே எனக்குக் கொடுத்திருக்கும் குதிரைக்கு எந்த மொழியும் புரியவில்லை. மரத்தாலேயே ஒரு ஊர் கட்டியிருக்கிறார்கள். மதுக்கடை, சிறைச்சாலை, வங்கி, எல்லாவற்றுக்கும் முன்பக்கம் மட்டும்தான். கதவைத் திறந்தால் பின்னால் ஆடு மேய்கிறது.

தைரியம் ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி எஸ்தர். இளைத்திருந்தான். நான் போய் முன்னால் நின்றேன். எழுந்து கைகூப்பி, "வாங்க சார், எப்ப வந்திய? பயணமெல்லாம் சௌகரியமா?" என்றான், பேங்க் மேனேஜரிடம் பேசுவது போல.

சார்! இவன் மூக்கில் நான் குத்திய குத்துகளுக்குக் கணக்கே கிடையாது. வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறான். நானும் "சௌகரியம் சார்" என்றுவிட்டு நகர்ந்தேன்.

மேக்கப் முடிந்து, தொப்பியும் இடுப்பில் துப்பாக்கியுமாக வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிப்பிடித்தான். "ஏ மகுடம்! எங்கவே போன இம்புட்டு நாளா?"

நாடகக்காரன்.

பிப்ரவரி 19

முதல் காட்சி. இருவரும் குதிரையில் வந்து இறங்கிப் பேச வேண்டும். நான் இறங்குவதை மட்டும் எடுக்கலாம் என்று ஆலோசனை சொன்னேன். ஏறுவது கதைக்குத் தேவையில்லை.

தைரியம் இந்த வயதிலும் குதிரை மேல் பஞ்சு மாதிரி உட்காருகிறான். எரிச்சலாக இருந்தது. ஆனால் வசனத்தில் திணறினான். நான்கு வரிதான். முதல் வரி சொல்வான், பிறகு என் முகத்தையே பார்ப்பான், ஏதோ என் நெற்றியில் எழுதியிருப்பது போல. கிருபாகர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்ல சார், டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றான்.

குடிக்கிறானோ என்னவோ.

பிப்ரவரி 20

குடிக்கவில்லை.

மதிய இடைவேளையில் எஸ்தர் என்னைத் தேடி வந்தாள். கையில் ஃபிளாஸ்க், கருப்பட்டிக் காப்பி. ஊற்றிக் கொடுத்துவிட்டு நின்றாள்.

"அண்ணாச்சி, உங்கட்ட ஒண்ணு சொல்லணும். அவியளுக்கு ஞாபகம் போய்ட்டே இருக்கு. ரெண்டு வருசமாச்சி. டாக்டரு இது திரும்பாதுன்னுட்டாரு."

நான் காப்பியை ஊதி ஆற்றினேன்.

"வீட்டுல என் பேரைக் கேட்டா முழிக்காவ. ஒருநா என்னையப் பாத்து, 'வேலைக்கு எப்பம்மா சேந்த'ங்காவ. ஆனா இங்க வந்து இந்தத் தொப்பியத் தலையில வச்சிட்டா குதிரைக்குப் பேரு வச்சிக் கூப்பிடுதாவ, என்னைய எஸ்தருங்காவ. நாலு நாளா எஸ்தரு எஸ்தருன்னு கூப்பிடுதாவ அண்ணாச்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெளிய தெரிஞ்சா அனுப்பிருவாவ. யார்கிட்டயும் சொல்லிராதிய."

எனக்கென்ன வந்தது, இதெல்லாம் உங்கள் குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டேன். அதாவது, மனதுக்குள் சொன்னேன். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே வாய்விட்டு எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 22

இன்று கிருபாகரிடம் சண்டை போட்டேன். கொள்ளைக்காரன் தன் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு நீண்ட வசனம் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு. அதை நான் பேசுவதுதான் பொருத்தம் என்றேன்.

"சார், அது அவரோட கதை. அவர் வாழ்க்கையை நீங்க எப்படி சார் சொல்வீங்க?"

"வாழ்நாள் பூரா துரத்தியிருக்கேன்ல? எனக்குத் தெரியாதா? அவன் சும்மா உக்காந்து கேக்கட்டும். மௌனமா இருந்தாத்தான் அந்த முகத்துக்குக் கனம்."

தலையைச் சொறிந்தான், எடுத்தான். நான் பேசினேன், தைரியம் கேட்டான். கேட்கும்போது அவன் முகத்தில் ஏதேதோ வந்து போயிற்று. படம் எடுத்தவர்களே கேமராவை நிறுத்த மறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் யூனிட்டில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "கிழவன் பாத்தியா, கூட நடிக்கிறவன் வசனத்தைக்கூடப் பிடுங்கித் திங்கிறான்." திறமை உள்ளவனிடம்தான் வசனம் வந்து சேரும். இவர்களுக்கு இது எங்கே புரியப்போகிறது.

பிப்ரவரி 24

மணல். இட்லியிலும் மணல்.

பிப்ரவரி 25

இன்று என் உடம்பு சரியில்லை. தைரியம் ஒரு வரியில் நின்று, "ஆமா, நாம இப்ப எந்த ஊருல இருக்கோம்?" என்று கேட்கும் நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. அடுத்த டேக்கில் அவன் குதிரையைத் தேடிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தபோது என் முட்டி பிசகி நான் "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த டேக்கில் தொப்பி பறந்துவிட்டது. காற்று அவ்வளவாக இல்லைதான், ஆனால் தொப்பிக்குப் பறக்கத் தோன்றினால் என்ன செய்வது?

எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு தண்ணீர் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் எஸ்தர் அவன் காதில் ஏதோ சொல்லி, அவனைப் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

மூப்பு வந்தால் இப்படித்தான். அடிக்கடி வருகிறது, சரியான நேரம் பார்த்து வருகிறது.

மார்ச் 1

கிருபாகர் என் கேரவனுக்கு வந்தான். உட்காராமல் நின்றுகொண்டே பேசினான். அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை மாத்திடலாம்னு தயாரிப்பாளர் சொல்றார். தினமும் அரை நாள் போயிடுது. தைரியநாதன் சாரைப் பாருங்க, உங்களைவிடப் பெரியவர். டேக்னா வந்து ரெடியா நிக்கிறார். உங்களாலதான் ஒவ்வொண்ணும் நிக்குது."

இரண்டே இரண்டு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே தைரியம் எஸ்தருக்குத் துப்பாக்கியை விரலில் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் கல்யாணமான புதிதில் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வயசாயிடுச்சு தம்பி" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. "இனிமே பாத்து நடந்துக்கிறேன். இன்னொரு வாய்ப்பு கொடு."

அவன் கொஞ்சம் இறங்கி வந்தான். "சரி சார். ஆனா கிளைமாக்ஸை மாத்தணும்னு இனிமே கேக்கக் கூடாது. அவர் சுடுறார், நீங்க சாகுறீங்க. சரியா?"

வந்த நாளிலிருந்து அதற்காக அவனை அரித்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று எழுதிக்கூடக் கொடுத்திருந்தேன்.

"சரி" என்றேன்.

ரசிகர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்குப் போஸ்ட் கார்டு போட்டுவிடலாம்.

மார்ச் 4

இன்று செத்தேன்.

உச்சி வெயிலில், அந்த மர ஊரின் தெருவில். இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் தைரியம். மணி அடிக்கும். இருவரும் துப்பாக்கியை உருவுவோம். அவன் முந்துவான். என் சட்டைக்குள் ஒட்டியிருக்கும் சிவப்புச் சாயப் பை உடையும், நான் விழுவேன். அவன் தொப்பியைக் கழற்றி ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோவான். வசனம் கிடையாது. இருந்த வசனத்தையும் போன வாரமே நான் வெட்ட வைத்துவிட்டேன்.

"எல்லா கேமராவும் ஒண்ணா ஓடும் சார், ஒரே டேக்" என்றான் கிருபாகர். "நீங்க விழுந்தப்புறம் என்ன நடந்தாலும் அசையாதீங்க. செத்தவன் கண்ணைத் திறக்கக் கூடாது."

"தம்பி, நான் முந்நூறு எபிசோடு செத்தவன்" என்றேன்.

மணி அடித்தது. தைரியத்தின் கை போன வேகத்தைப் பார்த்தேன். ஊர் மறக்கலாம், பேர் மறக்கலாம், அந்தக் கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. நான் பிடியைத் தொடுவதற்குள் வெடித்துவிட்டது. விட்டுக்கொடுக்கவெல்லாம் இல்லை, நிஜமாகவே தோற்றேன். ஆனால் நன்றாக விழுந்தேன், அதையும் எழுதிவைக்கிறேன். முதலில் முழங்கால், பிறகு தோள், கடைசியில் தலை. அவன் விழுவதை இத்தனை வருடம் நின்று பார்த்தது வீண்போகவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, அவன் நடந்துபோகும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஓடி வரும் சத்தம் கேட்டது.

"மகுடம்! ஏ மகுடம்!"

பொத்தென்று மணலில் உட்கார்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"சும்மாதானவே சுட்டேன். குண்டு கெடையாதுன்னுதான சொன்னானுவ. எப்பவும் நீதானவே சுடுவ, நான்தான விழுவேன். எந்திரிவே! ஏட்டி எஸ்தரு, ரத்தமா வருதுட்டி! எவனாச்சும் வண்டியக் கொண்டாங்கலே!"

எவனும் வரவில்லை. ஏன் வருவார்கள்? கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. கிருபாகர் மூச்சைக்கூட விட்டிருக்க மாட்டான். நானும் நடிகன்தான், இது எப்பேர்ப்பட்ட ஷாட் என்று எனக்குத் தெரியாதா? இப்படி ஒரு ஷாட்டில் பிணமாகக் கிடக்கவே கொடுத்துவைத்திருக்க வேண்டும். நான் நடித்த அத்தனை படத்திலும் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு காட்சி இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் போதும்.

அவன் கண்ணீர் என் மூக்கில் சொட்டியது. இரண்டு கையாலும் என் மார்பை அழுத்திக்கொண்டிருந்தான், ரத்தத்தை நிறுத்துவதற்காக.

அப்போது ஒரு எறும்பு கடித்தது. தேரிக்காட்டு எறும்பு, பொல்லாதது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

"சாகலடா, கத்தாதே" என்றேன். "சாயம்டா இது. வேணும்னா நக்கிப் பாரு, இனிக்கும்."

என் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு விரலை வாயில் வைத்தான்.

"இனிக்கி" என்றான்.

அதன் பிறகு என் தலையில் ஓங்கி ஒரு அடி அடித்தான். "மூதி! உசுரே போய்ட்டுலா எனக்கு!" அடித்த இடத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு விசும்பினான்.

"கட்!" என்று கத்திக்கொண்டே கிருபாகர் ஓடி வந்தான். "ஏன் சார் திறந்தீங்க? இன்னும் பத்தே செகண்ட் சார்! அவர் நடிப்பு... அய்யோ, அவர் நடிப்பு..."

"எறும்பு" என்றேன்.

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தைரியம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, தன் தொப்பியால் என் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சாப்டியாவே? வா, வீட்டுக்குப் போவோம். எஸ்தரு மீன்கொழம்பு வச்சிருப்பா." கிருபாகர் அவனையே பார்த்தான். எஸ்தரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பேக்கப்" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

மார்ச் 5

கிருபாகர் காலையிலேயே லாட்ஜுக்கு வந்துவிட்டான். இந்த முறை உட்கார்ந்தான்.

"அந்த இருமல், முட்டி, தொப்பி... எல்லாமே அதுக்குத்தானா சார்?"

"எதுக்கு?" என்றேன். "எனக்கு நிஜமாவே முட்டி வலி இருக்கு."

அவன் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறது. மூக்கை உறிஞ்சிவிட்டு விஷயத்துக்கு வந்தான். நான் கண்ணைத் திறந்தது, தைரியம் சாயத்தை நக்கியது, என்னை அடித்தது, எல்லாம் அப்படியே பதிவாகியிருக்கிறதாம். அதையே படத்தின் முடிவாக வைக்கலாமா என்று கேட்டான். அழுத கண்ணோடு எடிட்டிங் யோசிக்கிறான், இயக்குநர்தான், சந்தேகமே இல்லை.

"கூடாது" என்றேன். "நோயாளி பயந்து அழுதிருக்கான். அதை டிக்கெட் போட்டுக் காட்டுவியா?"

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அறை வாசலில் எஸ்தர் நின்றதை நான் பார்க்கவில்லை.

"போடுங்க தம்பி" என்றாள். "அவிய கூட்டாளி செத்துட்டாருன்னு அழுதிருக்காவ. இதுல என்ன கேவலம் இருக்கு? நாளைக்கி என் பேரும் தெரியாமப் போவும், அண்ணாச்சி பேரும் தெரியாமப் போவும். இது ஒண்ணாவது கெடக்கட்டும்."

நான் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "வச்சுக்கோ" என்றேன் கிருபாகரிடம்.

அக்டோபர் 17

படம் இன்று வெளியானது. பேரன் விமர்சனங்களைப் படித்துக் காட்டினான். செத்தவன் கண் திறப்பது மரணத்தின் மீதான கலையின் வெற்றி என்கிறார் ஒருவர். வன்முறையின் சுவை இனிப்பு என்பதன் குறியீடாம் அந்தச் சாயம், இது இன்னொருவர். தைரியநாதன் வாழ்நாள் நடிப்பைத் தந்திருக்கிறார், மகுடபதி வழக்கம்போல் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார் என்று எல்லோரும் ஒற்றுமையாக எழுதியிருக்கிறார்கள்.

எறும்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

அக்டோபர் 20

ரயிலேறி தூத்துக்குடி வந்தேன். தைரியத்தின் ஊர், ஆனால் நான் வந்தது சும்மா, கடல் காற்றுக்கு. வந்த இடத்தில் அவனையும் எஸ்தரையும் பகல் காட்சிக்கு அழைத்துப் போனேன். தியேட்டரில் கூட்டம் இல்லை. ஆளுக்கொரு வரிசை எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம், நடுவில் தைரியம்.

வீட்டு வாசலில் பார்த்தபோது அவனுக்கு என்னைத் தெரியவில்லை. எஸ்தரையும் தெரியவில்லை. அவள் கொடுத்த முறுக்கை மட்டும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். படம் ஓட ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் சாய்ந்தான்.

"அந்தக் குதிரைல வாரானே, அவன் யாரு?"

"புது ஆள்."

"நல்லா நடிக்கான். மத்தவன்?"

"அவன் சுமார்தான்."

"ஆமா, பேசிக்கிட்டே இருக்கான்" என்றான். இவனும் விமர்சனம் எழுதலாம்.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் நான் விழுந்தேன். இருட்டில் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தான். "செத்துட்டானா?"

"இல்ல. பொறு."

"செத்துட்டான்வே. ரத்தத்தப் பாரு."

"நான் சொல்றேன்ல, சாகல. இப்ப எழுந்திரிப்பான் பாரு."

திரையில் கண் திறந்தது. தைரியம் என் முழங்கையை விட்டான். பிறகு முறுக்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் வைத்து ஒரு விசில் அடித்தான். அந்தக் காலத்துத் தரை டிக்கெட் விசில், காது கிழிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நிறுத்தவில்லை. எஸ்தர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டுச் சிரித்தாள்.

டார்ச் விளக்கோடு தியேட்டர்காரன் வந்து அவன் முகத்தில் வெளிச்சம் அடித்தான். "யாருய்யா இது? பெரியவரு யாரு கூட வந்திருக்காரு?"

"என்கூடத்தான்" என்றேன்.